லட்சத்தீவின் கிளிமீனுக்கு யார் காவல்?

லட்சத்தீவில் மீன் பிடிப்பது என்றால் சூரை பிடிப்பது என்றுதான் நெடுங்காலமாகப் பொருள். காயலில் வலை போட்டுப் பிடித்த பொடி மீன்களை உயிரோடு படகில் எடுத்துச் செல்வார்கள். சூரைக் கூட்டம் தென்பட்டதும் அந்தப் பொடி மீன்களைக் கடலில் தூவுவார்கள். தின்ன மேலே வரும் சூரையைக் கழித் தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகுக்குள் எறிவார்கள். மினிக்காய் தீவில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த இந்த முறையை 1960களிலிருந்து மீன்வளத் துறை மற்றத் தீவுகளுக்கும் பரப்பியது. தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறை மீன்களோ வீட்டுக் குழம்புக்கும், மழைக்காலத்தில் சூரைப் படகுகள் கரையேறிக் கிடக்கும் நாள்களுக்கும் என்று ஒதுக்கப்பட்டன.

இந்த ஏற்பாட்டை யாரும் சட்டம் போட்டுக் கொண்டுவரவில்லை. சூரையில் காசு இருந்தது, பாறை மீனில் இல்லை. ஆகவே பாறை மீன் பிழைத்தது.

இப்போது அந்தக் கணக்கு மாறிவருகிறது. சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பாறை மீனை ஐஸ் பெட்டியில் அடைத்து நிலப்பகுதிக்கு அனுப்பும் வியாபாரம் தீவுகளில் தலையெடுத்திருக்கிறது. களவா, செப்பிலி, விளமீன் ஆகியவற்றோடு கிளிமீனும் அந்தப் பெட்டிகளில் ஏறுகிறது. ஒரு மீனுக்குப் பதில் இன்னொரு மீன், இதில் என்ன பெரிய பிரச்னை என்று கேட்கலாம். மற்ற மீன்களைப் பற்றிய விவாதம் தனி. கிளிமீன் விஷயத்தில் பிடிபடுவது மீன் மட்டுமல்ல என்பதுதான் விஞ்ஞானிகள் எழுப்பும் கவலை.

எந்தக் கிளிமீன்?

கேரளத்தில் வசிக்கும் வாசகர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரக்கூடும். கொச்சியிலும் கொல்லத்திலும் 'கிளிமீன்' என்று கூடை கூடையாக விற்கப்படுவது நம் ஊர்ச் சங்கரா மீன். இழுவைப் படகுகளில் வரும் இளஞ்சிவப்பு மீன் அது. அதற்கும் இந்தக் கட்டுரையின் கிளிமீனுக்கும் உறவில்லை.

பவளப்பாறையில் வாழும் கிளிமீனுக்குப் பெயர் வந்தது அதன் வாயால். பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிளியின் அலகு போல் ஆகியிருக்கும். ஏறக்குறைய ஆயிரம் பற்கள் பதினைந்து வரிசையாக அடுக்கப்பட்டு, முன் வரிசை தேய்ந்து விழ விழ, பின் வரிசை முன்னுக்கு வருகிறது. இந்தப் பல்லின் நுனி செம்பு, வெள்ளி, தங்கத்தைவிடக் கடினமானது என்று 2017ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். உலகக் கடல்களில் ஏறக்குறைய நூறு இனங்கள் உண்டு. பச்சையும் நீலமும் கலந்து மின்னுபவை பெரும்பாலும் ஆண்கள். இவற்றில் பல பெண்ணாகப் பிறந்து, வளர்ந்தபின் ஆணாக மாறுபவை என்பது விநோதமான செய்தி. விநோதம் மட்டுமல்ல, வியாபாரத்தோடும் சம்பந்தப்பட்டது. விலைபோவது பெரிய மீன். பெரியதை மட்டும் பொறுக்கிப் பிடித்தால் ஆண்கள்தாம் முதலில் குறையும்.

பிடிப்பதும் எளிது. பகலெல்லாம் மேய்ந்துவிட்டு இரவில் பாறை இடுக்கில் படுத்துத் தூங்கும் மீன் இது. சில இனங்கள் தம் வாயிலிருந்து வரும் கோழையால் கூடு கட்டிக்கொண்டு அதற்குள் உறங்கும். டார்ச் விளக்கும் ஈட்டியும் உள்ளவனுக்கு இவை காத்துக்கொண்டிருக்கும் சரக்கு.

மேய்ச்சலின் பயன்

பவளப்பாறை உயிருள்ள கட்டடம். கடுகளவு பவளப்பூச்சிகள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டியது. பூச்சி இறந்தாலும் கட்டடம் நிற்கும். ஆனால் அந்த வெற்றுச் சுவரில் யார் முதலில் குடியேறுவது என்று ஒரு போட்டி தொடங்கிவிடும். பாசி ஒரு பக்கம், கடலில் மிதந்துவரும் பவளக் குஞ்சுகள் மறு பக்கம். பாசி வளரச் சில வாரம் போதும். பவளத்துக்கு ஆண்டுகள் வேண்டும். நடுவர் இல்லாத போட்டியில் பாசியே வெல்லும்.

கிளிமீன்தான் அந்த நடுவர். பாறையை அலகால் சுரண்டிச் சுரண்டித் தின்கிறது. அது நாடுவது பாசியையா அல்லது பாறையின் மேற்பரப்பிலும் உள்ளேயும் வாழும் நுண்ணுயிர்களையா என்பதில் அண்மை ஆண்டுகளில் ஆய்வாளரிடையே வாதம் உண்டு. எதை நாடினாலும் விளைவு ஒன்றே. சுரண்டிய இடம் சுத்தமாகிறது, பவளக் குஞ்சு ஒட்ட இடம் கிடைக்கிறது. ஒரு பெரிய மீன் செய்யும் இந்த வேலையைப் பல சிறு மீன்கள் சேர்ந்தாலும் ஈடுசெய்வதில்லை. அதன் கடி ஆழமானது.

இந்த நடுவர் இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்கு ஜமைக்கா தீவின் கதையை எடுத்துக்கொள்ளலாம். அங்கே கிளிமீன் உட்படப் பாசி தின்னும் மீன்கள் 1970களுக்கு முன்பே வலையாலும் கூண்டுப் பொறியாலும் அரித்தெடுக்கப்பட்டுவிட்டன. ஆயினும் பாறைகள் நன்றாகவே தோன்றின. காரணம், நீண்ட கரிய முட்களைக் கொண்ட கடல் முள்ளெலி என்ற பிராணி மீன்களுக்குப் பதிலாகப் பாசியைத் தின்றுகொண்டிருந்தது. 1980ல் பெரும் புயல் பாறைகளை நொறுக்கியது. 1983ல் ஒரு நோய் வந்து கரீபியன் கடல் முழுவதும் அந்த முள்ளெலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மாண்டன. அதன்பின் பாசியைத் தின்ன அங்கே எதுவும் மிஞ்சவில்லை. 1970களின் பிற்பகுதியில் பாறைப் பரப்பில் பாதிக்கு மேல் இருந்த உயிர்ப் பவளம், 1990களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே விழுந்தது. நூற்றுக்கு நான்கு பங்காக இருந்த பாசி தொண்ணூற்றைத் தாண்டியது.

ஜமைக்காவில் பாறை மீன் பிடித்தவர்கள் ஏழை மீனவர்கள். வேண்டுமென்று பாறையைக் கெடுத்தவர்கள் அல்லர். மீன் குறைந்த உடனே பாறை கெடவுமில்லை. பல பத்தாண்டு தாமதமாக, இரண்டு விபத்துகள் சேர்ந்து வந்தபோதுதான் கணக்கு நேரானது. லட்சத்தீவைப் பற்றிப் பேசும்போது நினைவில் நிறுத்த வேண்டியது இந்தத் தாமதம்.

மூன்று வெப்ப ஆண்டுகள்

லட்சத்தீவின் பாறைகள் ஏற்கெனவே காயம்பட்டவை. கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடேறி நீடித்தால் பவளப்பூச்சி தன்னோடு வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். சூடு தணியாவிட்டால் இறந்துபோகும். 1998, 2010, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளில் எல் நினோ வெப்பத்தால் இது நடந்தது. அகத்தி, கட்மத், கவரத்தி ஆகிய மூன்று தீவுகளில் 24 ஆண்டு தொடர்ந்து நடந்த ஆய்வின் முடிவு 2025ல் வெளியாயிற்று. 1998ல் 37 சதவிகிதம் அளவில் இருந்த உயிர்ப் பவளப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது என்கிறது அது. ஒரு வெளுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு ஆண்டாவது அமைதி கிடைத்தால்தான் பாறை குணமடையும் வேகம் கூடுகிறது என்பதும் அதில் தெரியவந்தது. 2023 இறுதியில் தொடங்கிய வெப்ப அலையில் 2024 மே மாதத்துக்குள் மீண்டும் பரவலாக வெளுத்தது. கொச்சியில் தலைமையகம் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதை நேரில் பார்த்து அறிவித்தனர்.

ஆனால் இதே தீவுகளைப் பற்றி ஆய்வாளர்கள் வியந்து சொன்ன இன்னொரு செய்தியும் உண்டு. 1998ல் ஏராளமான பவளம் செத்தபிறகும் இங்கே பல பாறைகள் ஜமைக்காபோல் பாசிக்காடாக மாறவில்லை. செத்த பாறையில் பாசி முளைக்க முளைக்க அதைத் தின்னும் மீன்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. சில இடங்களில் சில ஆண்டுகளிலேயே இளம் பவளம் தலைகாட்டியது. அந்த மீன்கள் அங்கே இருந்ததற்குக் காரணம் யாருடைய தொலைநோக்கும் அல்ல. தீவு மக்கள் சூரை பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான்.

வெப்ப அலையைக் கவரத்தியில் தடுக்க முடியாது. அது உலகம் எரிக்கும் நிலக்கரியையும் எண்ணெயையும் பொறுத்தது. அடிபட்டபின் எழுந்திருக்கும் சக்தி பாதிக்குமேல் உள்ளூர்ச் சமாசாரம். இந்த நேரத்தில்தான் பெட்டி வியாபாரம் வளர்கிறது.

மணல் எங்கிருந்து வருகிறது?

லட்சத்தீவில் 36 தீவுகள், மொத்தப் பரப்பு 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வசிப்பவை பத்து. 2011 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை 64,473. கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே நிற்கும் இந்த நிலத்தில் மலை இல்லை, ஆறு இல்லை. ஆறு மண் கொண்டுவந்து சேர்க்காத இடத்தில் மணல் எங்கிருந்து வந்தது? பாறையிலிருந்துதான். அலை உடைத்தது ஒரு பங்கு. மீன் அரைத்தது ஒரு பங்கு.

கிளிமீன் சுரண்டும்போது பாசியோடு சுண்ணாம்புக் கல்லும் வாய்க்குள் போகிறது. தொண்டையிலுள்ள இரண்டாவது பல்வரிசை அதை ஆட்டுக்கல்போல் அரைக்கிறது. சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெள்ளை மணலாக வெளியேற்றுகிறது. நீந்திப்போகும் மீனின் பின்னால் வெண்புகைபோல் மணல் விழுவதை முத்துக்குளிப்போரும் முக்குளிப்போரும் பார்த்திருப்பார்கள். லட்சத்தீவின் தொடர்ச்சியான மலைத்தொடர் மீதே அமைந்துள்ள மாலத்தீவில் வக்காரு என்ற தீவைச் சுற்றி ஆய்வாளர்கள் இதை அளந்தனர். அங்கே புதிதாக உண்டாகும் மணலில் நூற்றுக்கு 85 பங்குக்குமேல் கிளிமீன் அரைத்தது என்று 2015ல் வெளியிட்டனர். ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கடலில் நெற்றி புடைத்த பெரிய இனம் ஒன்று உண்டு. அதில் வளர்ந்த மீன் ஒன்று ஆண்டுக்கு ஐந்து டன்னுக்குமேல் பாறையைத் தின்கிறது என்பது 2003ல் வந்த கணக்கு.

சுற்றுலாப் பயணிகள் படம் பிடித்து அனுப்பும் வெண்மணல் கரைகளில் கணிசமான பகுதி மீனின் கழிவு என்று சொன்னால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் தீவுக்காரருக்கு அந்த மணல் வீட்டு மனை. பங்காரம் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பறளி என்ற ஆளில்லாத் திட்டு ஒன்று 1968ல் மூன்று ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்போடு இருந்தது. அது முழுவதும் அரித்துப்போய்விட்டதென 2017ல் ஓர் ஆய்வு தெரிவித்தது. மீன் குறைந்ததால் பறளி போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. அலையும் நீரோட்டமும் செய்த வேலை அது. ஆயினும் அரிக்கிற நிலத்துக்கு மணல் தருவது எது என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. அங்கே பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்றது பெருங்காரணம்.

மறுப்பும் உண்டு

கிளிமீனைக் காத்தால் பாறை பிழைத்துவிடும் என்று சொல்வது மிகை. பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளிலும், மீன் நிறைந்த பாறைகளிலும், வெப்ப அலை வந்தபோது பவளம் மற்ற இடங்களைப் போலவே செத்தது என்று 2019ல் சில ஆய்வாளர்கள் பல நாட்டுக் கணக்குகளைத் தொகுத்துக் காட்டினர். பெர்முடா தீவு 1990ல் மீன்பொறிகளையும் 1993ல் கிளிமீன் பிடிப்பையும் தடை செய்தது. அதன் பாறைகள் இன்றும் கரீபியன் பாறைகளைவிட நன்றாக இருப்பதைப் பலர் மேற்கோள் காட்டுகின்றனர். பெர்முடா வடக்கே தள்ளியிருப்பதால் அங்கே நீர் குளிர்ச்சி என்பதையும் மறந்துவிடலாகாது. வளரும் பவளம் குறைந்துபோன பாறையில் கிளிமீனின் சுரண்டலே தேய்மானத்தை அதிகப்படுத்தலாம் என்ற அச்சமும் சிலரிடம் உண்டு.

இந்த மறுப்புகள் கிளிமீன் மருந்தல்ல என்று காட்டுகின்றன. அதைப் பிடித்து விற்பதால் கேடில்லை என்று காட்டவில்லை. 2014ல் கரீபியன் பாறைகளைப் பற்றிச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பெரிய அறிக்கை, கிளிமீனைக் காப்பதை முதன்மைப் பரிந்துரையாக வைத்தது. பெலீஸ் 2009லும், பொனைர் தீவு 2010லும் அதற்கு முன்பே தடை விதித்துவிட்டன. மாலத்தீவு கிளிமீனை ஏற்றுமதி செய்யக்கூடாத மீன்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

நம் சட்டம்

இந்தியாவில் நிலைமை வினோதமானது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ல் கற்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. பாறையில் ஒரு துண்டை உடைத்து எடுத்தாலும் சிறைத் தண்டனை வரக்கூடும். ஆனால் அந்தப் பவளம் மறுபடி முளைக்க இடம் துடைத்துத் தரும் மீன் எந்த அட்டவணையிலும் இல்லை. கொச்சிச் சந்தையின் கிளிமீனுக்குக்கூடக் குட்டி மீனைப் பிடிக்கலாகாதென்று கேரள அரசு 2015ல் அளவு விதித்திருக்கிறது! லட்சத்தீவில் கடல் அட்டைக்காகவே செரியபாணிப் பகுதியில் 2020ல் ஒரு காப்பகம் அமைக்கப்பட்டது. ஆகவே ஒரு கடல் பிராணிக்காகத் தனி ஏற்பாடு செய்யத் தீவு நிர்வாகத்துக்குத் தெரியாமலில்லை.

நேரடியாக முழுத்தடை போடுவது சரியாக இராது. ஜூன் முதல் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சூரைப் படகு ஓடாது. அப்போது காயலிலும் பாறை ஓரத்திலும் கிடைப்பதுதான் வீட்டுக்குக் கறி. அதைக் குற்றமாக்கினால் தண்டிக்கப்படுபவர் அடுப்படிக்காரர். வியாபாரியை அது தொடாது. 2021ல் வந்த நில மேம்பாட்டுச் சட்ட வரைவால் தீவு மக்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையே மூண்ட மனக்கசப்பு நாடறிந்தது. மேலிருந்து இறங்கும் இன்னொரு உத்தரவை, அது நல்லதாகவே இருந்தாலும், சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

மாலத்தீவின் வழி பொருத்தமாகத் தோன்றுகிறது. தீவுக்குள் தின்பதை விட்டுவிட்டு, தீவைவிட்டு வெளியே போவதை மட்டும் நிறுத்துவது. லட்சத்தீவிலிருந்து சரக்கு பெரும்பாலும் படகில் அல்லது கப்பலில்தான் வெளியேறுகிறது, கரையிறங்கும் துறைகளும் சிலவே. ஒவ்வொரு பாறைக்கும் காவலர் போடுவதைவிடப் பெட்டியைத் திறந்து பார்ப்பது எளிது. நடுக்கடலிலேயே சரக்கை வாங்கிப்போகும் வெளிப்படகுகளைக் கண்காணிக்கக் கடலோரக் காவல்படை உதவ வேண்டியிருக்கும். இன்னொரு வாசலும் உண்டு. 2024 ஜனவரியில் பிரதமர் சென்றுவந்தபின் லட்சத்தீவு சுற்றுலாவுக்கு நாடெங்கும் ஆவல் பெருகியது. விடுதிகள் கூடினால் விருந்து மேசைக்குப் பாறை மீன் கேட்பார்கள். விடுதி உரிமத்திலேயே கிளிமீன் பரிமாறலாகாது என்று நிபந்தனை வைக்க இப்போது செலவில்லை. விடுதிகள் வந்தபிறகு வைப்பது கடினம்.

இவற்றைவிட முக்கியமானது சூரையின் விலை. மீனவர் பாறைப் பக்கம் திரும்புவதற்குப் பேராசை காரணமல்ல. சூரையை அவித்துப் புகையூட்டி உலர்த்திய மாசிக்கு இலங்கைதான் பழைய சந்தை. அங்கே விலை சரிந்தால் இங்கே டீசல் காசுகூடத் தேறாது. ஐஸ், குளிர்பதனக் கிடங்கு, நிலப்பகுதிக்கு விரைவில் கொண்டுசேர்க்கக் கப்பல் இடம் ஆகியவை சூரைக்குக் கிடைத்தால் பாறை மீன் பெட்டியின் கவர்ச்சி தானாகக் குறையும். ஒற்றைத் தூண்டிலில் பிடித்த சூரை என்றால் வெளிநாட்டில் கூடுதல் விலை கொடுப்போர் உண்டு. மாலத்தீவு அதை நன்கு பயன்படுத்திக்கொள்கிறது.

மீனவர் கூட்டங்களில் சொல்லத் தக்க வாதமும் இதற்குள்ளேயே இருக்கிறது. சூரைக்குத் தூவும் பொடி மீன்களில் பல, காயலின் பவளக் கிளைகளுக்கிடையே ஒளிந்து வாழ்பவை. பவளம் போனால் பொடி மீன் குறையும். பொடி மீன் இல்லாமல் கழித் தூண்டில் படகு கிளம்ப முடியாது. இதை அகத்தியிலோ மினிக்காயிலோ வயதான மீனவர் ஒருவர் எழுந்து சொன்னால், கவரத்தி அலுவலகத்திலிருந்து வரும் சுற்றறிக்கையைவிட அதிகம் பேர் கேட்பார்கள். மழை மாதங்களில் படகுகள் கரையில் கிடக்கும்போதுதான் எல்லாரும் ஊரில் இருப்பார்கள். பேச்சைத் தொடங்க நிர்வாகத்துக்கு அதுவே ஏற்ற நேரம்.